இசியூ புரோகிராமிங்குக்குப் பவர் சப்ளை: வாசகர் கேள்விகள்

கேள்வி: இசியூவை (வண்டியின் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) புரோகிராம் செய்யும்போது வோல்ட்டேஜ் இறங்காமல் காக்க எத்தனை ஆம்பியர் சப்ளை வாங்க வேண்டும்?

பதில்: எந்த வண்டி என்றும், இசியூவைக் கழற்றி மேசையில் வைத்துச் செய்கிறீர்களா, வண்டியிலேயே செய்கிறீர்களா என்றும் எழுதாமல் கேட்டால் நான் எதைச் சொல்வது? மேசை வேலைக்கு 5 ஆம்பியரே தாராளம். இக்னிஷன் போட்ட சிறிய காருக்கு 30 வேண்டும்; ஐரோப்பியச் சொகுசுக் கார் என்றால் 70க்குக் குறைந்து வாங்காதீர்கள். வோல்ட்டேஜை 13.5 அளவில் வையுங்கள். அதைப் பேட்டரி முனைகளில் மல்ட்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்; சப்ளையின் திரை காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்.

கேள்வி: என்னிடம் 30 ஆம்பியர் பேட்டரி சார்ஜர் இருக்கிறது. அது போதாதா?

பதில்: மாதந்தோறும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். சார்ஜருக்குத் தெரிந்ததெல்லாம் பேட்டரியை நிரப்புவது ஒன்றுதான். பேட்டரி நிரம்பியதாகக் கருதியதும் தானியங்கிச் சார்ஜர் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கினால், கூடுதலாகத் தேவைப்படும் 20, 25 ஆம்பியரையும் பேட்டரியே தனியாகச் சுமக்க வேண்டியிருக்கும். பேட்டரித் தகடுகளில் படிந்த சல்ஃபேட்டை நீக்கும் நிலைக்குப் போகும் சார்ஜர்களோ 15 வோல்ட்டுக்கு மேலும் துடிப்புகளை அனுப்பும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகையில் ரிப்பிள் (வோல்ட்டேஜ் அலைபோல ஏறி இறங்குவது) வேறு. பல ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி ஒரு சார்ஜரை நம்பி, ஒரு டீசல் காரின் இசியூவை ஃபிளாஷ் செய்தேன், அதாவது அதில் மென்பொருளை எழுதினேன். 80 சதவீதத்தில் ஃபேன் ஓடியது, மீட்டர் 11.8க்கு இறங்கியது, லேப்டாப் திரையில் முன்னேற்றப் பட்டை அப்படியே நின்றது. இசியூவைக் கழற்றி, மூடியைப் பிளந்து, பூட் மோடில் (சிப்பில் நேரடியாக எழுதும் மீட்பு நிலை) உயிர்ப்பிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. வாங்கும்போது, சுமை ஏறினாலும் இறங்கினாலும் வோல்ட்டேஜை மாறாமல் காக்கும் சப்ளை நிலை உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை) உதவுமா?

பதில்: உதவாது. நல்ல பேட்டரியே 12.6 வோல்ட் கொடுக்கும்போது, 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் அதற்கு எதைத் தரப்போகிறது?

கேள்வி: சப்ளையை 13.5இல் வைத்தும் பேட்டரியில் 12.9தான் வருகிறது.

பதில்: கேபிள் மெலிதாகவோ, கிளிப் துருப்பிடித்தோ இருக்கும். நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 50 ஆம்பியரில் அரை வோல்ட் போய்விடும். மறுபடியும் சொல்கிறேன், அளப்பதைப் பேட்டரி முனையில், ஹெட்லைட்டும் ஏசி புளோயரும் ஓடும்போது அளந்துவிட்டு, பின்பு அவற்றை அணைத்து வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: நெகட்டிவ் கிளிப்பை எங்கே மாட்டுவது?

பதில்: பேட்டரி சென்சார் (நெகட்டிவ் முனையில் மின்னோட்டத்தை அளக்கும் கருவி) உள்ள வண்டியில் பாடி எர்த்தில், அதாவது வண்டியின் உலோக உடலில் உள்ள எர்த் இணைப்பில், மாட்டுங்கள், முனையிலேயே மாட்டினால் உள்ளே போகும் மின்னோட்டம் சென்சாரின் கணக்கில் வராது.

கேள்வி: வேலையின் நடுவே கரண்ட் போனால்?

பதில்: வண்டியின் பேட்டரி நல்ல நிலையில் இணைப்பில் இருந்தால் சில நிமிடங்கள் தாங்கும், ஆகவே பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சப்ளையை மட்டும் நம்பிப் புரோகிராம் செய்யவே கூடாது. 60 ஆம்பியர் சப்ளை ஏறக்குறைய 1,000 வாட் இழுக்கும் என்பதால் ஒன்றரை கேவிஏ இன்வெர்ட்டரில் போடுங்கள். லேப்டாப் சார்ஜரையும் அதிலேயே செருகுங்கள்.