எண்ணெய்ச் செலவு: உங்கள் கேள்விகளுக்குப் பட்டறையின் பதில்கள்

என் மைவி கார் அதிகமாக எண்ணெய் (பெட்ரோல்) குடிக்கிறது. என்ன காரணம்? (பீடோர்)

எந்த ஆண்டு வண்டி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தீர்கள், எதையும் எழுதவில்லை. இதை வைத்து நான் என்ன சொல்வது? முதலில் நான்கு டயரிலும் காற்றைப் பாருங்கள், வண்டி ஓடிச் சூடாகும் முன். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுதான் கணக்கு. பிறகு விவரத்தோடு எழுதுங்கள்.

ரோன் 97 பெட்ரோல் ஊற்றினால் கூடுதல் தூரம் ஓடுமா? (சுங்கை)

95 போதும் என்று தயாரித்தவர்களே சொல்லும் வண்டியில் 97 வீண். அந்த எண், இன்ஜினுக்குள் எண்ணெய் கண்டபடி வெடித்துத் தட்டாமல் இருக்க உதவும் திறனைக் குறிக்கிறது, சக்தியை அல்ல. 2025 செப்டம்பர் கடைசியில் புடி95 என்ற அரசு மானியத் திட்டம் வந்தபோது மைகார்டு (அடையாள அட்டை) காட்டியவர்களுக்கு ரோன் 95 லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. அதை விட்டு ஏன் 97-க்குப் போக வேண்டும்?

குளிரில் எண்ணெய் அடர்த்தியாக இருக்குமாம், விடியற்காலையில் ஊற்றினால் லாபமாமே? (தாப்பா)

நிலையத்தின் தொட்டி நிலத்தடியில் இருக்கிறது, வெயில் அதைத் தொடாது. தூங்குங்கள்.

கேமரன் மலையின் தானா ராத்தாவில் காய்கறி ஏற்றிக்கொண்டு தாப்பாவுக்கு இறங்கும்போது ஃப்ரீ கியரில் (நியூட்ரல்) விடுகிறேன். மிச்சம்தானே? (தாப்பா)

மிச்சமில்லை, ஆபத்து! எத்தனை முறை எழுதினாலும் இந்தப் பழக்கம் ஒழியவில்லை. கார்புரேட்டர் வைத்த பழைய கஞ்சில் கார் காலத்து நம்பிக்கை இது. இப்போதைய இன்ஜெக்டர் வண்டியில் கியரைப் போட்டுக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எண்ணெய் வருவதே நின்றுவிடும். உருளும் சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றும். ஃப்ரீ கியரில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க எண்ணெய் எரிந்துகொண்டே இருக்கும். நீங்கள் மிச்சம் என்று நினைத்தது செலவு.

அதைவிடப் பெரிது பிரேக். சுமையோடு அத்தனை வளைவுகளிலும் பிரேக் மட்டுமே வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். பின்னால் வருகிறவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்குங்கள். ஆட்டோ வண்டியானால் கியரைக் குறைத்து வையுங்கள். ஃப்ரீ கியர் வேண்டவே வேண்டாம்.

பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது ஏர்கோன் ஓடலாமா? (பீடோர்)

மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் போகும். இன்ஜினை அணைத்துவிட்டு மரநிழலில் நில்லுங்கள்.

டீசல் ஹைலக்ஸ் பிக்கப் வைத்திருக்கிறேன். ஈப்போவுக்கு அடிக்கடி போகிறேன். செலவைக் குறைக்க வழி? (பீடோர்)

2024 ஜூனில் டீசல் 2.15-லிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஒரே நாளில் ஏறியது நினைவிருக்கிறதா? அப்போதும் நெடுஞ்சாலையில் 120-இல் பறந்தவர்கள் உண்டு. வேகம் கூடக் கூடக் காற்று வண்டியைப் பல மடங்கு தடுக்கும். 90-இல் போங்கள், எண்ணெய் முள் மெதுவாக இறங்குவது கண்ணுக்கே தெரியும். பின்தட்டில் மாதக்கணக்காகக் கிடக்கும் சாமான்களை இறக்கிவிடுங்கள். டயரில் காற்றையும் பாருங்கள்.