மாணவர்மேல் உள்ள அக்கறையை ஆசிரியர் எப்படிக் காட்டுவது?

புதிதாகத் தமிழ்ப்பள்ளிக்கு வந்திருக்கும் ஆசிரியர் கேட்டிருக்கிறார். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன். காலையில் நான் முதலில் கேட்பது வீட்டுப்பாடத்தை அல்ல, "பசியாறிட்டியா?" என்றுதான்.

ஒரு பையன் தினமும் "ஆச்சு சார்" என்பான். கண் மட்டும் பக்கத்துப் பையனின் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலத்தில் இருக்கும். எல்லார் முன்னும் விசாரிக்கவில்லை. பலகை துடைக்கக் கூப்பிட்டு, மேசையிலிருந்த ரொட்டியை நீட்டினேன். அப்புறம்தான் பள்ளியின் இலவச உணவுத் திட்டத்தில் பெயர் சேர்த்தேன்.

பரிசுப் பொருள் கொடுத்து அக்கறை காட்டுவதில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கையில்லை.

6ஆம் ஆண்டுப் பிள்ளைகளைக் கவனியுங்கள். அடுத்து இடைநிலைப்பள்ளிக்குப் போனால், படிவம் 1இல் பாடம் பெரும்பாலும் மலாயில்தான். கெட்டிக்காரப் பிள்ளைகூட வாயடைத்துப்போகும். தொடக்கப்பள்ளி முடிவில் இருந்த யூபிஎஸ்ஆர் தேர்வுதான் 2021இலேயே போய்விட்டதே, அதற்குத் தயார்செய்த நேரத்தில் கொஞ்சம் மலாய் வாசிக்க வையுங்கள்.