வால்யூமை எங்கே குறைப்பது: லேப்டாப்பிலா, ஆம்ப்பிலா?

கேள்வி: புதுச்சேரி குருசுக்குப்பத்தில் இருக்கிறோம். லேப்டாப்பிலிருந்து யுஎஸ்பியில் ஒரு டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கான சிக்னலாக மாற்றும் பெட்டி), அங்கிருந்து பழைய ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர். லேப்டாப்பில் வால்யூமைக் குறைத்தால் தரம் கெடும் என்கிறார்கள். ஆம்ப்பில் குறைத்தாலோ, இரவில் மெதுவாக வைக்கும்போது இடப்பக்கம் மட்டும்தான் கேட்கிறது. திருகினால் கரகரப்பு வேறு. என்ன செய்யலாம்?

பதில்: தரம் கெடும் என்பது 16 பிட் காலத்துப் பேச்சு. (பிட் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு நுணுக்கமாக ஒலியைப் பதியலாம்.) ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல் என்பது கணக்கு. 16 பிட் வழியில் 30 டெசிபல் குறைத்தால் 5 பிட் போய்விடும். ஆனால் டிஏசிக்கு 24 பிட்டில் அனுப்பினால், 16 பிட் பாட்டுக்குக் கீழே 8 பிட் காலியாகக் கிடக்கிறது. அதே 30 டெசிபலைக் குறைத்தாலும் பாட்டில் எதுவும் வெட்டுப்படாது. லேப்டாப்பின் சவுண்ட் செட்டிங்கில் 24 பிட் என்று இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காக ஆம்ப்பை முழுசாகத் திறந்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் லேப்டாப்பில் செய்யாதீர்கள். டிஜிட்டலில் குறைத்தால் பாட்டு மட்டும்தான் இறங்கும். டிஏசியின் 'ஸ்ஸ்' இரைச்சல் அப்படியே நிற்கும். ஆம்ப் குமிழில் குறைத்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும். ஆம்ப் முழுசாகத் திறந்திருக்கும்போது தவறி லேப்டாப் 100-க்குத் தாவினால், ஸ்பீக்கரில் கீச்சு ஒலி தரும் ட்வீட்டர் காலி. (நோட்டிஃபிகேஷன் சத்தங்களை இன்றைக்கே அணைத்துவிடுங்கள்.) ஆகவே பகலில் லேப்டாப் முழு அளவில் இருக்கட்டும், குமிழைத் திருகுங்கள்.

இரவுச் சங்கதி வேறு. அந்தக் குமிழுக்குப் பின்னால் ஒரே தண்டில் இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று என இரண்டு கார்பன் தடங்கள். சுற்றின் ஆரம்பத்தில் இவை ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துவது அபூர்வம், நல்ல ஆம்ப்பிலும்கூட. டிஏசி பெரும்பாலும் 2 வோல்ட் தள்ளும். பழைய ஆம்ப்புகள் பலவற்றுக்கு 0.2 வோல்ட்டே போதும். அதனால் குமிழின் குறியைக் கடிகார முள்ளாக நினைத்தால், 8 மணி நிலையிலேயே காது நிறைந்துவிடுகிறது, நீங்களும் அந்த மோசமான தொடக்கத்திலேயே மாட்டிக்கொள்கிறீர்கள். இரவில் லேப்டாப்பைக் குறைத்து, குமிழ் 10, 11 மணி நிலைக்கு வரும்படி வைத்துப் பாருங்கள். இடமும் வலமும் சேர்ந்துகொள்ளும். இந்த இரட்டை வேலை பிடிக்கவில்லையென்றால் டிஏசிக்கும் ஆம்ப்புக்கும் நடுவே ஆர்சிஏ பின்னோடு செருகும், சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் ஒரு ஜோடி வாங்கிப் போடலாம்.

கரகரப்புக்குப் பெரும்பாலும் தூசியும் உங்கள் பக்கத்து உப்புக்காற்றும்தான் காரணம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வால்யூம் கன்ட்ரோலுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனரை, ஆம்ப்பைத் திறந்து குமிழுக்குப் பின்னாலுள்ள கன்ட்ரோலின் கால்கள் பக்கமுள்ள இடைவெளியில் துளி அடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பலமுறை திருகுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே கரண்ட் கொடுங்கள். தேங்காய் எண்ணெய், பெட்ரோல் வைத்தியம் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கமில்லையென்றால் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

சுத்தம் செய்தும் அடங்காவிட்டால் அந்தக் கன்ட்ரோலையே மாற்ற வேண்டியதுதான். பழையதில் A50K என்று இருந்தால் B50K போட விடாதீர்கள். இப்போது கடையில் கிடைப்பவற்றில் பொதுவாக A என்பது லாக் (காதுக்கேற்ப, தொடக்கத்தில் மெதுவாக ஏறுவது), B என்பது லீனியர் (சுற்றுக்கு ஏற்ப ஒரே சீராக ஏறுவது). லீனியரைப் போட்டால் கால் சுற்றிலேயே சத்தமெல்லாம் வந்துவிடும், இரவுத் தொல்லை இன்னும் கூடும். புது கன்ட்ரோல் போட்டும் திருகும்போது கரகரத்தால், முந்தைய கட்டத்தின் கப்ளிங் கெப்பாசிட்டர் (டிசி எனும் நேர் மின்சாரத்தைத் தடுத்து ஒலியை மட்டும் விடும் பாகம்) டிசியைக் கசியவிடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.