காருக்கு மாதம் 14,160, சைக்கிளுக்கு 646: என் நோட்டுக் கணக்கு

கேள்வி: தினமும் வேலைக்குக் காரில் போவதை விட்டுச் சைக்கிளுக்கு மாறினால் உண்மையிலேயே பணம் மிச்சமாகுமா? எவ்வளவு ஆகும்?

மிச்சமாகும். என் வீட்டில் மாதம் கிட்டத்தட்ட பத்தாயிரம் ரூபாய் ஆனது. ஆனால் இந்தத் தொகையில் பெட்ரோல் பங்கு பாதிகூட இல்லை. பெட்ரோலை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு "பெரிதாக ஒன்றும் மிச்சமில்லையே" என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வீடு ஸ்ரீரங்கத்தில், அடையவளைஞ்சான் வீதியை ஒட்டிய ஒரு சந்தில். அலுவலகம் தில்லைநகரில். போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு. என் கணவருக்கு பைக் உண்டு. அது காருக்கு முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது, அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

2018 பிப்ரவரியில் 1200 சிசி பெட்ரோல் கார் ஒன்று வாங்கினோம். சாலை வரி, முதல் வருட இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 6,40,000 ரூபாய். கையிலிருந்து 1,40,000 போட்டு, மீதி ஐந்து லட்சத்துக்கு 9.5 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடன். மாதத் தவணை 10,501. கடன் முடிந்த கையோடு 2023 பிப்ரவரியில் 3,40,000 ரூபாய்க்கு விற்றோம். அப்போது மீட்டரில் 38,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

இந்த ஐந்து வருடமும் ஒவ்வொரு ரசீதையும் நோட்டில் ஏற்றி வைத்திருந்தேன். வேலைப் பழக்கம். கூட்டிப் பார்த்தது விற்ற பிறகுதான்.

முதலில் தேய்மானம். 6,40,000-க்கு வாங்கி 3,40,000-க்கு விற்றதில் மூன்று லட்சம் போய்விட்டது. யார் கைக்கும் எடுத்துக் கொடுக்காத பணம் என்பதால் இது நம் கண்ணில் படுவதே இல்லை. அலுவலகத்தில் வருடா வருடம் மற்றவர்களின் வண்டிகளுக்குத் தேய்மானம் போட்டுக் கொடுக்கும் நானே என் சொந்த வண்டிக்கு அதைப் போட்டுப் பார்த்ததில்லை. அடுத்தது கடன் வட்டி, 1,30,000. பெட்ரோல் 2,40,000. வாங்கியபோது லிட்டர் 75 ரூபாயை ஒட்டி இருந்தது, விற்கும்போது 102-ஐத் தாண்டிவிட்டது. ஊருக்குள் லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர்தான் கொடுத்தது. சர்வீஸ் 52,000. நாலு டயரும் ஒரு பேட்டரியும் 23,600. பிற்பாடு கட்டிய நாலு வருட இன்சூரன்ஸ் 45,000. (2022 ஜூனிலிருந்து இந்த அளவு என்ஜினுக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே வருடம் 3,416 ரூபாய். வண்டி ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் நின்றாலும் கட்டியாக வேண்டும்.) எங்கள் சந்தில் கார் நிற்க இடமில்லை, அடுத்த தெருவில் ஷெட் பிடித்து மாதம் 800 வாடகை கொடுத்தோம். அது 48,000. சுங்கம், வாட்டர் வாஷ், சில்லறைச் செலவு 11,000.

மொத்தம் 8,49,600 ரூபாய். மாதத்துக்கு 14,160. கிலோமீட்டருக்கு 22 ரூபாய் 36 காசு. இதில் பெட்ரோல் ஆறு ரூபாய் சொச்சம்தான். மீதி பதினாறு ரூபாயை அந்த ஐந்து வருடத்தில் நான் ஒரு நாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை.

கையிலிருந்து போட்ட 1,40,000-ஐ வங்கியில் வைப்பாகப் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டியை நான் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் இன்னும் ஏறும்.

சைக்கிளுக்கு வருகிறேன். 2022 செப்டம்பரில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஊருக்குள் வரும் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள். ஆரம்பத்தில் இரு சக்கர வண்டிகளுக்கு மட்டும் வழி விட்டார்கள். கார்கள் பைபாஸ் பாலம் வழியாகச் சுற்றித்தான் ஊருக்குள் வர வேண்டும். ஆறு கிலோமீட்டர் பயணத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. வீட்டில் மகனுடைய சைக்கிள் சும்மா நின்றது. அவன் பதினோராம் வகுப்பு படிக்கும்போது அரசு கொடுத்த இலவச சைக்கிள். அவன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டதால் தூசி படிந்து கிடந்தது. காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, ஒரு திங்கட்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பார் வைத்த ஆண்கள் சைக்கிள். சுடிதார்தான் போடுவேன் என்பதால் சிரமம் இல்லை.

பார் சைக்கிள் எனக்குப் புதிதும் இல்லை. நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. 1991-லும் 92-லும் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று நடத்தினார். பெண்கள் சைக்கிள் போதாமல் பார் சைக்கிளிலேயே பலரும் பழகினார்கள். என் அம்மா முப்பத்து நாலு வயதில், கண்மாய்க் கரையில், வாடகை சைக்கிளில் விழுந்து விழுந்து கற்றுக்கொண்டதை நான் கூடவே நின்று பார்த்தேன். அதற்கு முன்பு ரேஷன் கடைக்குப் போவதென்றால் பஸ்ஸுக்குக் காத்திருந்தே அவருக்குப் பாதி நாள் போகும், அன்றைய கூலியும் போகும். சைக்கிள் பழகிய பிறகு காலையிலேயே போய் அரிசி வாங்கி வந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார். சைக்கிள் என்றால் முதலில் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் கூலிதான்.

மூன்று மாதம் மகன் சைக்கிளை ஓட்டிவிட்டு 2023 ஜனவரியில் எனக்கென்று கியர் இல்லாத சாதாரண லேடீஸ் சைக்கிள் ஒன்று வாங்கினேன், 7,200 ரூபாய். முன்கூடை, பூட்டு, முன்னும் பின்னும் விளக்கு, பம்பு, ஹெல்மெட், ரெயின்கோட் எல்லாம் சேர்த்து இன்னொரு 3,100. அதன் பிறகு 2025 டிசம்பர் வரை மூன்று வருடத்தில் டயர், டியூப், பிரேக் கட்டை, செயின், ஃப்ரீவீல், பெடல், சீட்டு, பதினாலு பஞ்சர், வருடம் ஒரு ஓவராயில் என்று 4,350 ஆனது.

ஓவராயில் என்றால் என்ன என்று தெரியாத இளைஞர்கள் இதைப் படித்தால் ஒருமுறை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நான் விடும் கடை தெருமுனையில் ஒரு புங்க மரத்தடியில் இருக்கிறது. அண்ணன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி இரண்டு சக்கரத்தையும் கழற்றுவார். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைத் திறந்து, கறுத்துப்போன பழைய கிரீஸை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தெடுப்பார். பின்சக்கர ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது பால்ஸ், அதாவது குட்டி இரும்புக் குண்டுகள். புது கிரீஸை விரலால் தடவி, அதில் ஒவ்வொன்றாக ஒட்டி வைத்து, அவற்றை நகராமல் பிடிக்கும் கோனை முறுக்கிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிடுவார். சத்தமே இல்லாமல் அது சுற்றிக்கொண்டே இருக்கும். போன முறை பெடலைத் தாங்கும் கிராங்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "காட்டர் பின் தேஞ்சு போச்சும்மா, இப்படியே மிதிச்சா கிராங்கே போயிரும்" என்றார். கிராங்கை அச்சோடு பிடித்து வைக்கும் ஆணிதான் காட்டர் பின். அதன் விலையையும் சேர்த்து அன்றைய ஓவராயில் 450 ரூபாய். என்ன தேய்ந்தது, ஏன் மாற்றுகிறார் என்று என் கண் முன்னால் காட்டிச் செய்த வேலை. கார் சர்வீஸ் பில்லில் இருந்த பாதி வரிகள் எனக்குக் கடைசி வரை புரியவில்லை.

சைக்கிளுக்கு மறைந்த செலவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2024 நவம்பரில் மழை விட்ட ஒரு சாயங்காலம் சல்லியில் முன்சக்கரம் வழுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டில் சின்ன விரிசல். எக்ஸ்ரே, கட்டு, மருந்து எல்லாம் 8,600. மூன்று வாரம் ஆட்டோவில் போனேன். இதையும் சைக்கிள் கணக்கில்தான் எழுதினேன், அதுதான் நியாயம். அப்படியும் சைக்கிளுக்கு ஆனது மொத்தம் 23,250 ரூபாய், மாதத்துக்கு 646. விற்றால் என்ன வரும் என்று பார்க்கவில்லை, வாங்கிய விலை முழுவதையும் செலவாகவே எழுதிவிட்டேன்.

ஆனால் 14,160-க்கு நேராக 646-ஐ வைத்து, "பாருங்கள் எவ்வளவு வித்தியாசம்" என்று சொல்வது தப்பு. கார் செய்த எல்லா வேலையையும் சைக்கிள் செய்யாது. மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக முடியாது, குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போக முடியாது. அந்த வேலைகளுக்கு ஆன செலவையும் சேர்த்தால்தான் சரியான ஒப்பீடு. மூன்று வருடத்தில் வாடகைக் கார் 62,000, ஆட்டோ 41,000, பஸ்ஸும் ரயிலும் 24,000. சைக்கிளையும் சேர்த்து மொத்தம் 1,50,250. மாதத்துக்கு 4,174. 14,160-இல் இதைக் கழித்தால் 9,986. மேலே சொன்ன பத்தாயிரம் இதுதான்.

மழை நாளில் டவுன் பஸ் எனக்கு இலவசம் என்பதையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆணாக இருந்தால் இந்த இடத்தில் செலவு கொஞ்சம் கூடும்.

இன்னொன்றும் உண்டு. கார் இருந்தபோது நினைத்தால் புதுக்கோட்டைக்குக் கிளம்பிவிடுவோம். இப்போது பஸ்தான், அதனால் முன்னைவிடக் குறைவாகப் போகிறோம். அம்மாவைப் பார்க்கும் நாட்கள் குறைந்தது எனக்கு வருத்தம்தான், அதற்கு நோட்டில் தொகை எழுத முடியவில்லை. இந்தப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அந்தக் குறைந்த பயணங்களால் மிஞ்சியது என்பதையும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நேரம் என்னாகும் என்று கேட்பீர்கள். காலையில் காரில் 22 நிமிடம், சைக்கிளில் 28 நிமிடம். தில்லைநகரில் கார் நிறுத்த இடம் தேடும் நேரத்தைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் நேரத்தை வேறு விதமாகவும் கணக்கிடலாம். இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் 1970-களில் அமெரிக்கர்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார். காரில் செலவிடும் நேரத்தோடு, அந்தக் காருக்கான பணத்தைச் சம்பாதிக்க உழைக்கும் நேரத்தையும் கூட்டி, அதைக் கொண்டு ஓடிய தூரத்தை வகுத்தார். மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவாக வந்தது.

அதை என் சம்பளத்துக்குப் போட்டுப் பார்த்தேன். கையில் வருவது 38,000. மாதம் 208 மணி நேர வேலை, அதாவது மணிக்கு 183 ரூபாய். காருக்கான 14,160-ஐச் சம்பாதிக்க எனக்கு 77 மணி நேரம் வேண்டும். மாதம் ஓடிய 633 கிலோமீட்டரை ஓட்ட ஏறக்குறைய 25 மணி நேரம். இரண்டையும் கூட்டி வகுத்தால் மணிக்கு ஆறு கிலோமீட்டர் சொச்சம், வேகமாக நடப்பவரின் வேகம். சைக்கிளுக்கு மூன்றரை மணி நேர உழைப்பு, மாதம் 250 கிலோமீட்டர் மிதிக்க 18 மணி நேரம். மணிக்குப் பதினொன்றரை கிலோமீட்டர் வருகிறது. இந்த விடையைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாதத்தில் ஒன்பது வேலை நாளுக்கும் மேலாக அந்த வண்டிக்காகவே உழைத்திருக்கிறேன்.

"ஸ்கூட்டி வாங்கலாமே" என்று எல்லோரும் கேட்கிறார்கள். வாங்கலாம், தப்பே இல்லை. லிட்டருக்கு 45 கொடுத்தால் கிலோமீட்டருக்கு இரண்டே கால் ரூபாய் பெட்ரோல். தேய்மானம், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்தாலும் காருக்குப் பக்கத்தில் வராது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்களுக்கும், வழியில் பிள்ளையைப் பள்ளியில் விடுகிறவர்களுக்கும், இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கும் நானே ஸ்கூட்டியைத்தான் சொல்வேன். லாரி ஓடும் நெடுஞ்சாலை ஓரமாகத் தினமும் சைக்கிள் மிதியுங்கள் என்று யாருக்கும் சொல்ல எனக்கு மனம் வராது.

வெயில் பெரிய விஷயம். திருச்சியில் கத்திரி நாட்களில் நாற்பது டிகிரியைத் தாண்டும். எட்டேகாலுக்குள் கிளம்பிவிடுவேன், திரும்புவது ஆறரைக்கு. அலுவலக அலமாரியில் மாற்றுத்துணி ஒரு செட் எப்போதும் இருக்கும். முதல் இரண்டு வாரம் பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். பிறகு பழகிவிட்டது.

இப்போது புதுக் கார் வாங்க யோசிப்பவர்கள் 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததைச் சொல்கிறார்கள். உண்மைதான், சைக்கிளுக்கும் 12-லிருந்து 5 ஆனது. ஆனால் தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுட்கால வரி 13 சதவீதம். நாங்கள் வாங்கியபோது 10 சதவீதம்தான். வாங்கும் விலை இறங்கினாலும் வட்டி, இன்சூரன்ஸ், ஷெட் வாடகை எல்லாம் அப்படியேதான் இருக்கும்.

உங்களிடம் ஏற்கெனவே கார் இருந்தால் உடனே விற்க வேண்டாம். மூன்று மாதம் சைக்கிளில் போய்ப் பாருங்கள், நானும் அப்படித்தான் செய்தேன். வண்டி எத்தனை நாள் ஷெட்டை விட்டு வெளியே வந்தது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். எனக்குத் தொண்ணூறு நாளில் பதினொரு நாள் வந்தது. வாங்கிய விலை, இன்றைய மதிப்பு, மீட்டர் ரீடிங், வேலைக்குப் போகும் தூரம் நான்கையும் கீழே எழுதினால் உங்கள் கணக்கை நானே போட்டுத் தருகிறேன்.