வலி கண்ணில், ஊசி பிடரியிலா?

கேள்வி: எனக்கு 44 வயது. ஆறு வருடமாக ஒற்றைத் தலைவலி. வலது கண்ணுக்குப் பின்னால் இடி இடியென்று இடிக்கும். வலி மாத்திரை இல்லாத நாளே குறைவு. பிடரியில் 'நெர்வ் பிளாக்' ஊசி, அதாவது நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போடலாம் என்கிறார் நரம்பியல் மருத்துவர். மூளைக்கு ஏதாவது ஆகிவிடுமா? சர்க்கரையும் இருக்கிறது.

பதில்: ஊசி மூளைப் பக்கமே போகாது. தோலுக்கும் மண்டையோட்டுக்கும் நடுவிலேயே நின்றுவிடும். பின்மண்டையைத் தடவினால் நடுவில் ஒரு எலும்புப் புடைப்பு தட்டுப்படும். அங்கிருந்து காதுக்குப் பின்னால் துருத்தும் எலும்பை நோக்கி மூன்றில் ஒரு பங்கு தூரம் போனால், நாங்கள் தேடும் நரம்பு. பக்கத்திலேயே ஒரு ரத்தக்குழாய் துடிக்கும். அந்தத் துடிப்பை விரலால் பிடித்து, அதை விட்டு விலகித்தான் நான் குத்துவேன். (தலையை மழிக்க மாட்டோம். பலரும் முதலில் கேட்பது அதைத்தான்!)

கண் வலிக்குப் பிடரி எதற்கு? மேல்கழுத்து நரம்புகளும் முகத்தின் உணர்வு நரம்பும் மூளைத்தண்டின் அடியில் ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. அதனால் பின்னால் அடக்கினால் முன்னாலும் அடங்க வாய்ப்புண்டு.

மருந்து இரண்டு மூன்று மில்லிதான். லிடோகெயின் அல்லது பியூபிவகெயின். கால் மணி நேரத்தில் மரத்துவிடும். ஒருவர் பின்தலையைச் சொறிந்து பார்த்துவிட்டு, "இது என் தலைதானா டாக்டர்?" என்றார். மரப்பு சில மணி நேரத்தில் போய்விடும். வலி குறைந்தது மட்டும் சிலருக்கு வாரக்கணக்கில் நிற்கும். சிலருக்கு ஒன்றுமே கேட்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சர்க்கரைக்கு வருவோம். சில மருத்துவர்கள் இதோடு ஸ்டீராய்டும் கலப்பார்கள். கிளஸ்டர் தலைவலிக்கு (ஒரு பக்கக் கண்ணைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக வரும் கடும் வலி) அது உதவும். ஒற்றைத் தலைவலிக்குச் சேர்ப்பதில் பெரிய லாபமில்லை. உங்களுக்கோ சில நாள் சர்க்கரை ஏறும், குத்திய இடத்தில் முடியும் கொட்டலாம். ஸ்டீராய்டு வேண்டாமே என்று கேட்டுப் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, மரப்பு ஊசி முன்பு ஒத்துக்கொள்ளவில்லையா, பின்மண்டையில் அறுவை சிகிச்சை நடந்ததா, எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசி போட்டதும் சட்டென்று எழ வேண்டாம், தலை சுற்றும்.

எனக்கு உறுத்துவது வேறு. சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாள் என்று மாதக்கணக்கில் போட்டால், அதுவே தலைவலியை வளர்க்கும். மாத்திரை போட்ட நாட்களைக் காலண்டரில் வட்டமிட்டு, ஊசிக்குப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள்.