வளையலும் வாட்ஸ்அப்பும்

கே: என் தம்பி புது வீடு கட்டி கிரகப்பிரவேசம் வைத்தான். சித்தப்பா, பெரியப்பா வீட்டுக்கெல்லாம் வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு நேரில் போய்ப் பத்திரிகை வைத்தவன், கூடப் பிறந்த அக்கா எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ‘வந்துடுக்கா’ என்று ஒரு வரி போட்டான். நான் போகவில்லை. ஒன்றரை மாதம் ஆகியும் ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் அதே நினைப்புதான். ‘இதெல்லாம் ஒரு பிரச்சினையா’ என்கிறார் கணவர். அவன் காலேஜ் ஃபீஸுக்கு என் வளையலைக் கழற்றிக் கொடுத்தவள் நான். சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேனா?
- பெயர் வேண்டாம், கரூர்

ப: ‘இதெல்லாம் ஒரு பிரச்சினையா’ என்று கேட்டு இதுவரை யாருடைய பிரச்சினையும் சின்னதானதில்லை. ‘இவருக்கும் புரியவில்லை’ என்று இன்னொன்று கூடச் சேரும், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கியிருக்கிறேன், அசல் நான்கு பக்கம். பென்சிலும் கையுமாகப் படித்தேன். வாட்ஸ்அப் பதினோரு இடத்தில் வருகிறது. வளையல் ஒரே இடத்தில், மூன்றாம் பக்கக் கடைசியில், அதையும் ஒருமுறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ வலி அங்கேதான் இருக்கிறது. வளையலை நீங்கள் திருப்பிக் கேட்கப் போவதில்லை, ஆனால் தெருவே பார்க்க ஒருநாள் தட்டோடு உங்கள் வாசலில் வந்து நின்றிருந்தால் அந்தக் கணக்கு நேராகியிருக்கும், இல்லையா?

2014-இல் இகோர் கிராஸ்மேன், ஈதன் கிராஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். துணை துரோகம் செய்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அது தனக்கு நடந்ததாகச் சிலரையும் நண்பருக்கு நடந்ததாகச் சிலரையும் யோசிக்கச் சொன்னார்கள். நண்பருக்காக யோசித்தவர்கள் எதிராளி பக்கமும் ஏதாவது இருக்கும் என்று நிதானமாக யோசித்தார்கள், தனக்காக யோசித்தவர்கள் அந்த நிதானத்தைக் கோட்டை விட்டார்கள். ஆனால் தன் கதையையே ‘நான்’ என்று சொல்லாமல் ‘அவள்’, ‘அவன்’ என்று யோசித்தவர்களிடம் இந்த வித்தியாசமே இல்லை. ஊருக்கெல்லாம் தீர்ப்பு சொல்லிவிட்டுச் சொந்த வீட்டில் தடுமாறிய சாலமோன் ராஜாவின் பெயரைத்தான் இந்தக் கோளாறுக்கு வைத்திருக்கிறார்கள்.

அதனால் ‘கரூரில் ஒரு அக்கா இருந்தாள்’ என்று ஆரம்பித்து, ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதிப் பாருங்கள். வீட்டுக் கடனும் கொத்தனாருமாக அந்தத் தம்பி அந்த வாரம் எப்படி அலைந்திருப்பான் என்பதும் அதில் வரட்டும். எனக்கு அனுப்ப வேண்டாம். எழுதி முடித்த பிறகும் அவன் மேல்தான் தப்பு என்று தோன்றினால் தாராளமாகப் போன் போட்டுச் சொல்லுங்கள். அப்போது வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு வளையலைப் பேசுங்கள்.

கே: வேலை போய் நான்கு மாதம். ‘உன்னைவிடக் கஷ்டப்படுகிறவன் எத்தனை பேர்’ என்கிறார் அப்பா. கேட்டால் ஆறுதல் வரவில்லை, குற்ற உணர்ச்சிதான் வருகிறது.
- ஒரு வாசகர், ஓசூர்

ப: எதிர்வீட்டுக்காரருக்குக் கால் உடைந்ததால் என் பல்வலி நின்றதில்லை. அப்பாவுக்கு வேறு மாதிரி ஆறுதல் சொல்லத் தெரியவில்லை, விடுங்கள். உங்களுக்கு முன்னால் வேலை போய் மீண்டு வந்த ஒருவரைப் பிடித்து டீ வாங்கிக் கொடுங்கள். பி.எஃப். பணத்தில் எப்போது கை வைத்தார், வீட்டில் எப்படிச் சொன்னார், எத்தனை இன்டர்வியூ போனார் என்று கேளுங்கள். அப்புறம், தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் என்னை நம்பிக்கொண்டிருக்காமல் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

கே: எதற்கெடுத்தாலும் ‘பிரபஞ்சத்தில் நாம் ஒரு தூசு’ என்கிறார் என் வீட்டுக்காரர். சரியா?
- ஒரு வாசகி, தேனி

ப: சரிதான். 1990 பிப்ரவரி 14 அன்று வாயேஜர் 1 என்ற விண்கலம் சுமார் 600 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து எடுத்த படத்தில் பூமி ஒரு புள்ளிகூட முழுசாக இல்லை. ஆனால் காஸ் சிலிண்டர் தீர்ந்தால் புக் பண்ண வேண்டியது அந்தத் தூசியில் இருக்கிற நீங்கள்தானே!

எனக்கு அவ்வளவு தூரம் வேண்டாம், நிலா போதும். பௌர்ணமியன்று தென்னை மரத்துக்குப் பின்னாலிருந்து கிளம்பும்போது தாம்பாளம் மாதிரி இருக்கும், நடுவானுக்கு வந்தால் சுருங்கிவிட்ட மாதிரித் தெரியும். உண்மையில் அது சுருங்குவதில்லை. சொல்லப்போனால் அடிவானத்தில் நிற்கும்போதுதான் நம்மைவிட்டுச் சுமார் 6,000 கிலோமீட்டர் கூடுதல் தூரத்தில் இருக்கிறது. மரமும் வீடும் பக்கத்தில் தெரிவதால்தான் கண் ஏமாறுகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, மரம் தெரியாமல் நிலாவை மட்டும் பாருங்கள், அந்தப் பெரிசு காணாமல் போகும். குனிந்து கால்களுக்கு நடுவே தலைகீழாகப் பார்த்தாலும் அப்படித்தான். அதை மட்டும் மொட்டை மாடியில் யாரும் இல்லாத நேரமாகச் செய்யுங்கள், உங்கள் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.