தோட்டா ஆலையில் வெடிப்பு மட்டும்தான் ஆபத்தா?

கேள்வி: என் தம்பிக்குத் தோட்டா தயாரிக்கும் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. வெடிவிபத்தைத் தவிர வேறு பயம் உண்டா?

பதில்: உண்டு. வெடித்தால் ஊருக்கே தெரியும், உடம்புக்குள் மெல்ல ஏறும் விஷம் தெரியாது, எனக்கு அதுதான் பெரிய கவலை. முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் குண்டுகளில் டி.என்.டி. என்ற வெடிமருந்தை நிரப்பிய பெண்களின் தோலும் முடியும் மஞ்சளாகி, மஞ்சள் நிறக் கேனரிப் பறவையை வைத்து 'கேனரி பெண்கள்' என்றே அவர்களுக்குப் பெயர் வந்துவிட்டது. கேட்கச் செல்லப்பெயர் மாதிரி இருந்தாலும், அந்த மருந்து ஈரலைக் கெடுத்துப் பலர் இறந்தே போனார்கள்.

தோட்டா ஆலையில் முக்கிய எதிரி காரீயம். தோட்டாவின் முனையிலும், அதன் அடியில் அடிபட்டதும் பற்றி உள்ளே இருக்கும் வெடிமருந்தைக் கொளுத்தும் பிரைமரிலும் பரவலாக இருப்பது. தூசியாக மூச்சில் போகும், கையில் ஒட்டிச் சாப்பாட்டோடு போகும், உடையில் ஒட்டி வீட்டுக் குழந்தை வரைக்கும் போகும். அதனால் தம்பி வேலை உடையை ஆலையிலேயே விட்டு, குளித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இரத்தத்தில் காரீய அளவையும் தவறாமல் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

சரி, வெடிப்பு. உலர்ந்த பிரைமர் கலவைக்கு ஒரு உரசலோ, உடம்பிலிருந்து தாவும் சின்ன நிலைமின் பொறியோ போதும். ஈரமாகவே அதைக் கையாளுவதும், பருத்தி உடையும், மின்னூட்டத்தைத் தரைக்குக் கடத்தும் காலணியும் அதற்காகத்தான். 1918 ஜூலை 1-ல் இங்கிலாந்தின் சில்வெல் குண்டு நிரப்பும் ஆலை வெடித்து 134 பேர் இறந்தார்கள். ஒரு அறையில் இத்தனை ஆள், இவ்வளவு வெடிமருந்து என்று வரம்பு வைத்திருப்பார்கள். உற்பத்தியைக் கூட்ட அதை மீறச் சொன்னால், யார் சொன்னாலும் தம்பி மறுத்துவிட வேண்டும்.